படகின் மூன்றாவது பலகை

பிப்ரவரி 2, திங்கள்

இன்றும் சாப்பாட்டு மேசையில் ஏரிதான். அப்பா ஏரியின் ஆழ வரைபடத்தை விரித்து மூலைகளில் காப்பிக் கோப்பைகளை வைத்துவிட்டார். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மீன்பிடிப் பருவம் திறப்பது மே மாதத்தில். இங்கே மினியாபொலிஸில் பனி ஜன்னல் வரை நிற்கிறது. வடக்கே உறைந்துகிடக்கும் அந்த ஏரியின் மேல் இப்போது லாரியே ஓட்டலாம். சொன்னால், "திட்டம்னா இப்பவே போடணும், சோல்வே" என்கிறார். கிறிஸ்துமஸிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்! நியூயார்க்கில் அடுக்குமாடியில் வளர்ந்தவர் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகுதான் ஏரியையே பார்த்தார். அதனால்தான் இந்த வெறி போலிருக்கிறது.

ஆனால் இந்த வருடம் எனக்கும் அதில் பங்கு உண்டு. வெர்லின் மாமாவின் படகில் மூன்று பலகைகள். ஒன்று மாமாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. மூன்றாவதில் இத்தனை காலமும் தூண்டில் பெட்டி உட்கார்ந்து போனது. பதின்மூன்று வயதானால் அது எனக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆகிவிட்டது! வால்ஐ மீனின் கண் இருட்டில் பூனைக்கண் போல மின்னுமாம். நூலகத்துப் புத்தகங்களில் படித்தது போதும், நேரில் பார்க்க வேண்டும். கரையில் அம்மாவுடன் உருளைக்கிழங்கு உரித்து அலுத்துவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாமா வந்திருந்தார். ஏரியின் நடு ஆழத்தில் படகை நிறுத்துவது என்ற தன் திட்டத்தை அப்பா ஒரு மணி நேரம் விளக்கினார். மாமா தாடையைச் சொறிந்துகொண்டு, "ம்ம்… வித்தியாசமா இருக்கு, மாப்ளே" என்றார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? உங்கண்ணனுக்கே புடிச்சுப் போச்சு!"

அம்மா பாத்திரம் துலக்கியபடி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த ஊரில் "வித்தியாசமா இருக்கு" என்றால் படுமோசம் என்று அர்த்தம். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருடம் இங்கே இருந்தும் அப்பாவுக்குத் தெரியவில்லை. ஏன் ஒருவரும் நேராகச் சொல்வதில்லை? நானும்தான் ஏன் சொல்லவில்லை?

மார்ச் 8, ஞாயிறு

மாமா வீட்டில் காப்பி. அத்தை கேக்கை நீட்டினாள். அம்மா வேண்டாம் என்றாள். மறுபடி நீட்டினாள். "ஐயோ, வயிறு ரொம்பிடுச்சு." மூன்றாவது முறை, "சரி, ஒரு சின்னத் துண்டு." அப்பா முதல் நீட்டலிலேயே பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

மார்ச் 28, சனி

அப்பாவின் தூண்டில் ரீலில் நூல் சிக்கிக்கொண்டது. மதியம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார், திட்டினார், கடைசியில் நாற்காலியில் எறிந்துவிட்டுப் போனார். அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டே அதை எடுத்தாள். பேச்சு முடிவதற்குள் சிக்கெல்லாம் போய், நுனியில் கொக்கிகூடக் கட்டியிருந்தது. கையைப் பார்க்கவே இல்லை!

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இது என்ன பெரிய விஷயம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாமாவிடம் கேட்டேன். அவர் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஆர்டிஸா? கல்யாணத்துக்கு முன்னாடி மீன்ல என்னைய ஜெயிக்காத நாளு கிடையாது உங்கம்மா. எரிச்சலா வரும்."

"அப்புறம் ஏன் இப்ப வர்றதில்ல?"

"மொத வருஷம் உங்கப்பன் வரியான்னு கேட்டான். இவ வேணாம்னா. அவன் சரின்னுட்டுப் படகுல ஏறிட்டான்."

"ஒரே தடவைதான் கேட்டாரா?"

"ஒரே தடவை."

"நீங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே, மாமா!"

"அது அவங்க புருஷன் பொண்டாட்டி விஷயம்மா. நமக்கெதுக்கு?" மறுபடி சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

கத்த வேண்டும் போலிருக்கிறது. பருவம் திறக்கிற சனிக்கிழமைக்கு மறுநாள் பல வருடம் அன்னையர் தினமாக அமையும். அப்பா அம்மா கையில் ஒரு பூவைக் கொடுத்துவிட்டுப் படகில் போவார். அவள் படகுத்துறையில் நின்று கையசைப்பாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்து இப்படியே! இதெல்லாம் ஒரு குடும்பமா?

ஏப்ரல் 7

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "இன்னொரு தடவை கேளுங்கப்பா."

"வேணாம்னு சொன்னவங்கள நச்சரிக்கிறது மரியாதையில்ல, சோல்வே. அவளுக்கு மீன்னாலே ஆகாது." பெருந்தன்மையாக வேறு முகத்தை வைத்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நானே கேட்டேன். "அம்மா, படகுல நீ வரியா?"

"ஐயையோ, வேணாம். அது உன் இடம்டி."

அப்பாடா என்று இருந்தது. பிறகு அப்படி இருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஈஸ்டர் விருந்துக்குப் பிறகு இரண்டாவது முறை கேட்டேன்.

"நான் வந்தா காலைல யாரு சமைக்கிறது?"

இது வேண்டாம் என்பதில்லை. யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இன்னொரு முறை கேட்டால் சரி என்பாள். பெட்டியை எங்காவது இடுக்கிக்கொள்ளலாம், ஆளை முடியாது. கேட்டால் என் பலகை போச்சு.

ஏப்ரல் 20

கேட்கவில்லை.

ஏப்ரல் 24

இன்றும் இல்லை. அப்பா புதுத் திட்டம் போடுகிறார். பழைய திட்டத்தைவிட வித்தியாசமாக இருக்கிறது.

மே 8, வெள்ளி. ஏரிக்கரை, கேபின்

நாள் முழுக்கக் கார். வழியில் கடைசி இரைக்கடையில் நிறுத்தினோம். அதற்கு அப்புறம் காடுதான். பெரியவர்கள் மீன்பிடி உரிமம் வாங்காமல் தூண்டிலைத் தொட முடியாது. கடைக்காரர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "ஒருத்தருக்கா, தம்பதிக்கா?" என்றார். எல்லாரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஒருத்தருக்கு" என்றார் அப்பா. எல்லா வருடமும் சொல்கிற மாதிரி.

அம்மா இரைத் தொட்டியில் நீந்தும் பொடிமீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மீன் தெம்பாக இருக்கிறது என்று பார்க்கிற பார்வை அது.

"அம்மா, படகுல வரியா?" என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.

"அவ்வளவு தொந்தரவு இல்லேன்னா…" என்று தொட்டியைப் பார்த்தே சொன்னாள். "வரேன்."

அப்பா வாயைப் பிளந்தார். "உனக்கு மீன்னாலே ஆகாதே!"

"யாரு சொன்னா?"

"நீதான! அந்த மொத வருஷம் கேட்டப்ப…"

"ஒரு தடவைதானே கேட்டீங்க."

கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் "தம்பதி" என்று எழுதிக்கொண்டார். யாரும் என்னைப் பாராட்டவில்லை. பாராட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

மே 9, சனி

விடியுமுன் மூவரும் போனார்கள். நான் படகுத்துறையில் போர்வையும் புத்தகமுமாக. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உருளைக்கிழங்கை உரிக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

பத்து மணிக்குத் திரும்பினார்கள். அம்மாவுக்கு நான்கு வால்ஐ, மாமாவுக்கு இரண்டு, அப்பாவுக்கு ஒரு பழைய கையுறை. அம்மாவின் தலை கலைந்து, மூக்கு சிவந்து, யாரோ புது ஆள் போல இருந்தாள்.

சாயங்காலம் மறுபடி கிளம்பினார்கள். அப்பா மட்டும் ஏறவில்லை. "எனக்குக் குளிருது. நான் கிழங்கு உரிக்கிறேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

அம்மா படகிலிருந்து, "சோல்வே, வரியா?" என்றாள்.

"வேணாம்மா, நீங்க போங்க."

சத்தியமாக, தானாக வாயில் வந்துவிட்டது. என்ன பிறவி நான்!

"அதான் வேணாங்கிறாளே, கெளம்புங்க!" என்று கேபின் வாசலில் இருந்து அப்பா கத்தினார்.

"வாயேன்டி" என்றாள் அம்மா.

"பரவால்லம்மா. புத்தகம் இருக்கு."

மாமா மோட்டார் கயிற்றைப் பிடித்திருந்தார், ஆனால் இழுக்கவில்லை. அவசரமே இல்லாதவர் போல மேகத்தைப் பார்த்தார். அம்மா மூன்றாவது பலகையில் இருந்த தூண்டில் பெட்டியை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இந்தப் பக்கத்தில் மீன்வாடை அடிக்கும். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், போகவில்லை. இருட்டில் அந்த மீன்கண் உண்மையிலேயே மின்னுகிறது.