மூன்று ஊரில் பிறந்தவள்

ஜூலை 9, புதன்

சுருட்டை, விடியலிலிருந்து மழை. நேரில் ‘நீங்க’ என்றுதான் சொன்னேன்; இந்த நோட்டில் ‘நீ’, உன் தலைமுடிக்குச் ‘சுருட்டை’. யார் பார்க்கப் போகிறார்கள்.

நான் சமைக்கப் போகிற திலக் நகர் வீட்டில் லீவு சொல்லிவிட்டுக் குடியுரிமை ஆபீஸ் போனேன். நீல வாயில் சேலை, நீ எடுத்தது. சாயம் அப்படியே இருக்கிறது.

கிடைக்கவில்லை. நீயும் நானும் சேர்ந்து போட்ட மனு. நிராகரிப்பு.

ஜன்னலில் இருந்த மராட்டி அம்மா நல்ல மாதிரி. ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள். பிறந்த ஊர் மட்டக்களப்பு, ஸ்ரீலங்கா என்று நான் எழுதியிருக்கிறேன். விசாரிக்க வந்த போலீசிடம் அக்கம்பக்கத்தில் மூன்று பேர், இவள் இந்தியாவில் பிறந்தவள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் மூன்று ஊர். இதில் எது பொய் என்று கேட்டாள்.

போலீஸ் வந்தது மே மாதம். அதற்குள் நீ கண்ணை மூடி நாலு மாதம். அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன்.

திரும்ப மனு போடலாமாம். அதுவரை வருஷா வருஷம் பெர்மிட். துபாயில் உன்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்ததிலிருந்து அதுதானே. ஆனால் அப்போது வரிசையில் நீ கூடவே நிற்பாய். ஏதாவது ஒரு வருஷம் ‘முடியாது, போ’ என்று சொன்னால் மட்டக்களப்பில் எனக்கு யார் மிச்சம்? பிள்ளையும் இல்லை.

ரயில் பூராவும் அழுகை. சயானில் இறங்கினால் கொட்டுகிற மழை. முகம் கழுவ வேலை வைக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

விட்டு விட்டு மழை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது.

குழாயடியில் கேட்டேன், போலீசிடம் யார் என்ன சொன்னது என்று. பக்கத்து வீட்டு செல்லத்தாய் அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

“வெளிநாட்டுக்காரி வீடு எதுங்கான். வந்துச்சு பாரு ஆத்திரம். அவ எங்க களக்காட்டுப் பிள்ள, பொறந்தன்னிக்கு நாக்குல சேனை தொட்டு வச்சதே எங்கம்மைதான்னுட்டேன்.”

பிறந்தபோது எனக்குச் சேனைத்தேன் தொட்டு வைத்தது யார் என்று எனக்கே தெரியாது.

கடைக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “களக்காடா? நான் நாங்குநேரின்னுல்லா சொன்னேன். எங்க சித்தப்பா மவளாக்கும்னு.”

“உம்ம சித்தப்பாவுக்கு ஏது மவ? ஒரு சொல்லு எங்கிட்ட கேட்டிருக்கப்பிடாதா?”

“நீ எங்கிட்ட கேட்டியாக்கும்?”

மூன்றாவது, மாடி வீட்டுப் பேச்சி. அவள் ஊர் வள்ளியூர். “எல்லாரும் அவங்கவங்க ஊரச் சொன்னது மாடில கேட்டுச்சு மதினி. நான் மட்டும் விட்டுக்கொடுக்கவா?”

மனு தள்ளுபடியானதைச் சொன்னேன். செல்லத்தாய் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஏட்டி, நல்லதுன்னுதான சொன்னோம். கெடுத்துட்டமா?”

எனக்குச் சிரிப்பு. நீ போன பிறகு இப்படிச் சிரிக்கவில்லை. ஈரத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பேச்சிக்கும் தொற்றியது, அண்ணாச்சிக்கும். செல்லத்தாய் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். என் குடம் வழிந்து போனது, யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 12, சனி

வாங்கியது: தேங்காய், சிவப்பரிசி மா, வாழைப்பழம். எங்கள் ஊர்ப் பிட்டு அவித்தேன். மூவரையும் கூப்பிட்டேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்கள்.

பிறகு பாடம். போலீஸ் கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? ஸ்ரீலங்கா. பேச்சி சட்டென்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார்.

“ஒன்ன வாசலுக்கு வெளிய தள்ளுத மாதிரி இருக்கு தாயி. வாயில வர மாட்டேங்கு.”

“ஸ்ரீலங்காப் பிட்டு மட்டும் வாயில போச்சுல்லா?” என்றாள் அக்கா.

ஜூலை 13, ஞாயிறு

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

புது மனு எழுதினேன். கணவர் பெயருக்குப் பக்கத்தில் ‘காலமானார்’. நானே எழுதினேன். பிறந்த ஊர் மட்டக்களப்பு. செல்லத்தாய் அக்கா எட்டிப் பார்த்தாள். “ஒன் மாப்பிள இருந்திருந்தா சரியாச் சொல்லிருப்பான். நாங்கதான் கூறுகெட்ட சென்மங்க.”

நீ சரியாகச் சொல்லியிருப்பாய் என்று எனக்கு நம்பிக்கையில்லை. சுருட்டை, அன்றைக்குக் கதவைத் திறந்தது நீயாக இருந்து, வெளிநாட்டுக்காரி எங்கே என்று அவன் கேட்டிருந்தால், மட்டக்களப்பு என்றிருப்பாயா, இல்லை நீயும் உன் ஊர் திசையன்விளையைத்தான் சொல்லியிருப்பாயா?