கடைசி வரிசைக்குத் தெரியாத படம்

அன்புள்ள பெயிண்டரம்மாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உன் கோபமும் கூடவே வந்து சேர்ந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன் வெறும் பெட்டியோடு திரும்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? போன பெட்டியாவது பத்திரமாக வந்ததே என்கிறாள் மகள்.

நாடக அரங்கில் நீ இல்லாமல் திண்டாடுகிறார்கள். புதியவர் திரையில் வரைந்த காடு கீரைக்கட்டு மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொள்கிறார். உன்னோடுதான் வருவேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இத்தனை வருடம் நாடகத் திரை வரைந்தவளுக்கு இந்த வயதில் முதுகலைப் படிப்பு எதற்கு என்று கேட்டவன்தானே நான்? துடைப்பம் அளவு தூரிகை பிடித்த கைக்குச் சின்னப் படம் வரவில்லை, மூட்டை கட்டிவிட்டேன் என்று நீ போனில் அழுதபோது, எனக்கு உள்ளுக்குள் கொள்ளை மகிழ்ச்சி.

நீ விடுதி அறையைக் காலி செய்யப் போயிருந்த நேரம், உன் வகுப்பறையில் தனியாக நின்றேன். சுவரில் உன் படம், உள்ளங்கை அகலம்தான். நம் தொழில் பழக்கம் விடுமா? கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்று எதிர்ச் சுவர்வரை போய் நின்று பார்த்தேன். சாம்பல் பூசின மாதிரி இருந்தது. பாவம், நிஜமாகவே வரவில்லை போல என்று நினைத்துக் கிட்டே போனேன்.

என் வலது கை! உளி கிழித்த தழும்பு, நகக்கண்ணில் மரத்தூள், கோணிப்போன கட்டைவிரல். தினமும் இந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன், ஒருநாளும் இதைப் பார்த்ததில்லையே! நான் பக்கத்தில் இல்லாமலே எப்படியம்மா வரைந்தாய்? நான் திரைக்கு மரச்சட்டம் அடிக்க, நீ உன் பாட்டுக்குத் திரை வரைந்துகொண்டிருந்தாய் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன். கும்பிடத் தோன்றியது. என் கையை நானே எப்படிக் கும்பிடுவது?

அதனால்தான் அங்கே நீ கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, தூரிகைகளைப் பழையபடி ஜாடியில் போட்டேன். நீ திரும்பி வந்து கத்தியபோது, படிப்பை முடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேனேஜரை நான் பார்த்துக்கொள்கிறேன். என் சமையலைச் சாப்பிட்டும் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். வீடுதான் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

கோபம் ஆறியதும் ஒரு வரி எழுது. அங்கேயே இரு. இடது கை இன்னும் பாக்கி இருக்கிறது, அதையும் வரைந்துவிட்டு வா. அதுவரை அடிபடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தச்சன்