வால் மறுபடி வளருமா?

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க, கற்றுக்கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துப் பல்லியைப் பற்றிச் சின்ன அறிவியல் புத்தகம் எழுதினேன். தலைமையாசிரியை அதை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார். நேற்று பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியிடம், பக்கம் திருப்பும் முன்பே பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அவர் கைதட்டினார். ஒரு சிறுமி மட்டும் விரல் வைத்துப் படித்தாள். "வா... ல்... வால்! அறுந்தா மறுபடி வளருமா, டீச்சர்?"

"இது கொஞ்சம் மந்தமோ?" என்றார் அந்த மனிதர். அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். பயப்படாதீர்கள், சண்டை போடவில்லை.

அவளுக்கான பதிலைப் பெரிய எழுத்தில் நீங்களே எழுதி அனுப்புங்கள். உங்களை விட்டால் எனக்கும் கடிதம் போட யாருமில்லை. அவள் எழுத்துக் கூட்டும்போது நானும் கூடவே படித்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்