உள்ளே இருநூற்று அறுபது

அக்டோபர் 3, செவ்வாய்
ஈப்போ மலைகளைக் காணோம். எங்கோ காடு எரிகிறது. புகைமூட்டம் எங்கள் தாமான் வரை, குடியிருப்பு வாசல் வரை, வந்துவிட்டது. வகுப்பில் கேட்டேன்: காற்றில் என்ன மாறியிருக்கிறது? "ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சு டீச்சர்!" என்றாள் ஷர்மினி. இல்லையம்மா. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஏறக்குறைய அப்படியேதான். கூடியது கொஞ்சம்தான்: கார்பன் மோனாக்சைடு, நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகள், வெயில் பட்டால் ஓசோன். அந்தக் கொஞ்சமே என் வீட்டுக்காரர் பவித்ரனுக்குப் போதும். ஆஸ்துமா. நவராத்திரிக்குக் கோயிலில் பாட ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போது பேசவே மூச்சு வாங்குகிறது.

அக்டோபர் 4
நுண்துகளை அளக்கும் சின்னப் பெட்டி வாங்கினேன். ஜன்னல்களை இறுக்கச் சாத்தி, கதவிடுக்கில் பழந்துணி. வெளியே 110, உள்ளே 70. எனக்கு ஒரே பெருமை.

அக்டோபர் 6, வெள்ளி
விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிவிட்டு உட்கார்ந்தால் பெட்டி அலறுகிறது. 260! இவருக்கு இருமல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு எல்ஸி அக்கா இலைதழையைக் கொளுத்துகிறார் என்று வேலியோரம் போய்க் கத்தினேன். "நான் நெருப்பே வைக்கலைலா, தினேஸ்வரி!" என்றார். நம்பவில்லை. "பாட்டு வேணாம், கோயில்ல சொல்லிரு" என்கிறார் இவர். அழுகையே வந்துவிட்டது. எத்தனை நாளாய் ஆசைப்பட்ட மனுஷன்!

கொஞ்ச நேரம் கழித்து –
அக்காவைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பெட்டியோடு வேலிக்குப் போனேன். 105. உள்ளே வந்தால் 260. மறுபடி வெளியே. 105. அப்புறம்தான் சாமி மேடையைப் பார்த்தேன். தூபக்கால் புகைந்துகொண்டிருக்கிறது. ஐயோ, என் புத்தியே! பூட்டிய வீட்டுக்குள் நானே போட்ட புகை. காடு எரிந்தால் என்ன, சாம்பிராணி எரிந்தால் என்ன? நுண்துகள் நுண்துகள்தான். சயன்ஸ் டீச்சராம் சயன்ஸ் டீச்சர்!

அக்டோபர் 7
எல்ஸி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க சாமிக்கே இருமல் வந்திருக்கும்லா!" அதோடு தன் வீட்டுக் காற்று வடிகட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "பவித்ரன் பாடி முடிக்கட்டும். அப்புறம் குடு."

அக்டோபர் 13, வெள்ளி
பூவும் விளக்கும் மட்டும். சாமி கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியில் 18.

அக்டோபர் 16
மழை! மலை தெரிகிறது. குளியலறையில் பாட்டு. சுருதி சேரவில்லை, பாடட்டும்.

அக்டோபர் 20, வெள்ளி
கோயிலில் இவர் மூன்று பாட்டு பாடினார். ஒரு இருமல் இல்லை. மாதா கோயிலுக்குப் போகிற எல்ஸி அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் பூசாரி தூபக்காலோடு வந்தார். நான் எழுவதற்குள் அக்கா எழுந்து போய் மண்டபத்து ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டார்.