புளியமரத்தடியில் புதைத்த கட்டி

ஜவ்வாது மலை,
வைகாசி 22

அன்புள்ள மகன் இளவரசனுக்கு,

அம்மா செவ்வந்தி எழுதுவது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அப்பாவுக்கு அந்தப் புது மருந்து கேட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று ரிசல்ட் வந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் நீ வேலை செய்கிற காப்பித் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதில்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பரவிவிட்டது, கிட்னி பலவீனமாக இருப்பதால் கீமோ தாங்காது என்று வேலூரில் சொன்னது உனக்குத் தெரியும். மிச்சம் இருந்தது இம்யூனோதெரபி என்கிற அந்தப் புது மருந்து ஒன்றுதான். அதுவும் எல்லாருக்கும் கேட்காதாம். முதல் ஆபரேஷனில் எடுத்த கட்டியைச் சோதித்தால், இவருக்குக் கேட்குமா என்று ஓரளவு சொல்லலாம் என்றார் அங்கே பார்க்கிற தேவயானி டாக்டர். "அந்த பிளாக் எங்கம்மா?" என்று கேட்டார். கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகைத்தான் பிளாக் என்கிறார்கள்.

அதை நான் புதைத்துவிட்டேன், கண்ணு. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, தீப்பெட்டி அளவு டப்பாவில் போட்டு, பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். உடம்பிலிருந்து பிரிந்ததை, விதைச் சாமை இருக்கிற வீட்டுக்குள் யாராவது வைப்பார்களா? உன் நஞ்சுக்கொடியைப் புதைத்த அதே புளியமரத்தடியில் புதைத்துவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் களைக்கொத்தோடு ஓடினேன். மழை பெய்து, அடையாளத்துக்கு வைத்த கல்லைக் காணோம். நாலு இடம் தோண்டினேன். அப்பா வந்து நின்று, "இன்னாடி, பொதையலா தேடுற?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவரும் மண்ணைக் கிளற ஆரம்பித்தார். ஐந்தாவது குழியில் கிடைத்தது. டப்பாமேல் எறும்பு ஊர்ந்தது, உள்ளே மெழுகு அப்படியே இருந்தது. மறுநாள் அமிர்தி வழி பஸ்ஸில் வேலூர் போய்ச் சேரும்வரை அதை மடியைவிட்டு எடுக்கவில்லை. கதையைக் கேட்டு டாக்டருக்கு ஒரே சிரிப்பு. லேப்பில் பார்த்துவிட்டுக் கெடவில்லை என்றார்கள்.

நேற்றுதான் ரிசல்ட். நோயை எதிர்க்கிற செல்கள் நம் உடம்பிலேயே உண்டாம், கட்டி அவற்றை அடக்கி வைத்திருக்கிறதாம், மருந்து அவற்றை எழுப்பிவிடுமாம். அங்கே செல்லே இல்லையென்றால் மருந்து யாரை எழுப்பும்? அப்பாவின் கட்டியைச் சுற்றி அவை நிறைய இருக்கின்றன என்றார் டாக்டர். அப்பா உடனே, "அப்போ நெலத்துப் பரண்ல காவக்காரன் இருக்கான், தூங்குறான், அவ்ளோதானேங்க. எழுப்பிவுட்டா பன்னிய வெரட்டிடுவான்" என்றார். பக்கத்து நோயாளிக்கும் டாக்டர் அதையே சொல்லி விளக்கினார். உறுதி கிடையாது, வாய்ப்புதான் என்றும் இரண்டு தடவை சொன்னார். அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முதல் ஊசி திங்கட்கிழமை. ஆடி விதைப்புக்கு நீ வரவேண்டாமாம், லீவை வீணாக்காமல் கார்த்திகையில் சாமை அறுப்புக்கு வரவேண்டுமாம், அப்பா சொல்கிறார். நோய் வந்ததிலிருந்து வரப்போகிற மாதம் எதையும் அவர் வாயால் சொன்னதில்லை. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதனால் கார்த்திகைக்குக் கட்டாயம் வா. ஆனாலும் கண்ணு, விதைப்புக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போ. நான் எழுதினேன் என்று சொல்லாதே, நீயாக வந்ததுபோல் வா.

சாமி உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
செவ்வந்தி