பூட்டன் மலாயாவில் எந்தப் பகுதி

19.01.2025, ஞாயிறு

கோவிலால் வந்த கையோடு ஞானரட்ணமும் மனைவியும் ஒஸ்லோவின் மற்றப் பக்கம் ட்வெய்ட்டாவிலிருந்து வந்து போனார்கள். அவர்களுடைய மகன் மார்க்கஸும் எங்கள் மகள் நிலூஜாவும் நாலு வருடமாகப் பழகுகிறார்கள். பெற்றோர் முறையாகச் சந்தித்தது இன்றைக்குத்தான். கலியாணம் ஓகஸ்ட் 16. என் மனிசி ஞானமலர் ரோல்ஸ், கட்லட் என்று மேசையை நிரப்பிவிட்டாள். நான் முதுகு நோவோடு கோட் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஞானரட்ணம் நல்ல மனிசன்தான். ஆனால் எல்லாவற்றையும் விசாரிப்பார். தன்னுடைய அப்பப்பா ஈப்போவில் ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"உங்கட பூட்டனும் மலாயாவில இருந்தவராம். எந்தப் பகுதி, யேசண்ணை? றெயில்வேயோ, தபாலோ?"

"றெயில்வே," என்றேன்.

யோசிக்கவேயில்லை. மலாயா என்றால் உத்தியோகம், உத்தியோகம் என்றால் றெயில்வே. யாழ்ப்பாணத்தில் எங்கள் தீவில் யாருடைய வாயிலும் அதுதான் வரும். பூட்டன் மலாயாவில் என்ன செய்தார் என்று எனக்கு உண்மையில் தெரியாது.

ஞானரட்ணம் திருமணப் பூசைக்குப் புத்தகம் அடிப்பிக்கிறாராம். பாட்டு, வாசகம் எல்லாம் போட்டு, கடைசிப் பக்கத்தில் இரண்டு குடும்பத்தின் வம்ச வழியையும் போட வேண்டுமாம். என் பக்கத்தை நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவருடைய மனைவி நிலூஜாவுக்கு ஒரு சோடி வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார். ஞானமலர் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பெண் பிள்ளைகளுக்குக் காலில் ஒன்றும் போடுவதில்லை. பிறந்த பிள்ளைக்குக் கறுப்புக் கயிறுகூடக் கட்டுவதில்லை. ஏன் என்று அப்பாவைக் கேட்டதற்கு "வழக்கமில்லை" என்றதோடு விட்டுவிட்டார்.

27.01.2025

நிலூஜா எனக்கு ஈமெயில் திறந்து தந்தாள். மலாக்காவில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோவிலுக்கு எழுதியிருக்கிறேன். பூட்டன் சவரிமுத்து அந்த ஊரிலிருந்துதான் வந்தவர் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு மினக்கெடுகிறேன்? ஊரில் எங்களை "வந்த ஆக்கள்" என்பார்கள். திருநாளுக்குச் சுரூபக் கூடு தூக்க எங்கள் வீட்டு ஆம்பிளைகளைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் தோள் போதாவிட்டால்தான். எங்களிடம் சொல்லிக்கொள்ள இருந்தது மலாயாப் பூட்டன் ஒருவர்தான். அவரை ஒழுங்காக எழுதி, அச்சில் போட்டு, ஒஸ்லோத் தமிழ்க் கோவில் முழுக்க ஒரு தரமாவது வாசிக்கட்டும்.

03.02.2025

பதில் இல்லை. வேலை செய்கிற களஞ்சியத்தில் பெட்டி தூக்கி இன்றைக்கும் முதுகு பிடித்தது.

18.02.2025

பதில் வந்தது. கோவில் அலுவலகத்தில் பழைய பதிவுகளைப் பார்க்கும் உதயகுமாரி என்ற ரீச்சர். ஓய்வு பெற்றவராம். நல்ல தமிழ். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"1855இல் சவரிமுத்து என்ற குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. தாய் மரியா, இவ்வூர்ப் பெண். தகப்பன் அந்தோனி, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கைதி."

கைதி.

நான் மேலே வாசிக்காமல் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ரீச்சர் கைதிகளின் பட்டியலையும் தேடிப் பார்த்திருக்கிறார். அந்தோனி, 1846இல் கப்பலில் அனுப்பப்பட்டவர், பதினான்கு வருடத் தண்டனை. முதல் ஏழு வருடம் காலில் இரும்பு விலங்கோடு ரோடு போட்டிருக்கிறார். பிறகு விலங்கைக் கழற்றி வெளியில் குடியிருக்க விட்டிருக்கிறார்கள். அங்கேயே மரியாவைக் கட்டி, அங்கேயே செத்துப்போனார். மகன் சவரிமுத்துதான் வளர்ந்தபின், 1876இல், தகப்பனின் ஊரைத் தேடி வந்திருக்கிறார்.

குற்றம்: மாடு களவு. இரண்டாம் தரம்.

ரீச்சர் இதைச் சந்தோசமாக எழுதுகிறார். "எங்கள் ஊரில் முதலில் குடியேறிய கைதிகளில் அவரும் ஒருவர். நானும் அப்படி ஒருவரின் வழிதான். அந்தோனியின் வழியில் இங்கே பதினொரு வீடுகள் இருக்கின்றன. உங்களோடு பேச ஆசைப்படுகிறார்கள். ஒன்று கேட்கட்டுமா? உங்கள் வீட்டில் பெண்கள் கொலுசு போடுவார்களா? இந்தப் பதினொரு வீட்டிலும் போடுவதில்லை."

19.02.2025

கொலை என்றாலாவது பரவாயில்லை. காணிச் சண்டையில் வெட்டிப்போட்டார், மானத்துக்காகக் குத்திப்போட்டார் என்று சொன்னால் எங்கள் சனம் தலையாட்டும். களவு. அதுவும் மாடு. அதுவும் இரண்டாம் தரம். முதல் தரம் பிடிபட்டும் மனிசனுக்குப் புத்தி வரவில்லை.

ஞானமலரிடம் சொல்லவில்லை. ரீச்சருக்குப் பதில் போடவில்லை.

05.03.2025, விபூதிப் புதன்

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர்தான். "றெயில்வே" என்று சொன்ன பொய்யைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என் முறை வரக் கிட்டத்தில் விலகி வந்துவிட்டேன். சுவாமியாரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

22.03.2025

ஞானரட்ணம் இரண்டு தரம் கேட்டுவிட்டார். இன்றைக்கு எழுதி அனுப்பினேன்.

"மணமகளின் தந்தையாருடைய பூட்டனார் சவரிமுத்து அவர்கள் (பிறப்பு 1855) மலாயன் றெயில்வேயில் பிரதம எழுதுவினைஞராகக் கடமையாற்றி, 1876இல் தாயகம் திரும்பினார்."

ஆண்டுகளைச் சரியாகப் போட்டேன். பொய்தான் என்றாலும் ஆண்டு பிழைக்கக்கூடாது என்று ஒரு எண்ணம். களஞ்சியத்தில் முப்பது வருடமாகத் திகதி பார்த்து அடுக்கிய பழக்கம்.

இருபத்தொரு வயதில் பிரதம எழுதுவினைஞர். வாசித்துப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது.

13.04.2025, குருத்து ஞாயிறு

எல்லாம் போச்சு.

பூசை முடிய ஞானரட்ணம் என்னைத் தனியாக ட்வெய்ட்டா சென்டருக்குக் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். குருத்தோலையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகத்தான் தொடங்கினார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மலாயாவில றெயில் ஓடினதே எண்பத்தஞ்சிலதான். உங்கட பூட்டன் அதுக்கு முன்னமே வந்திட்டார். அந்தப் பக்கத்தை ஒருக்காத் திருப்பி எழுதித் தாங்கோவன். உள்ளதை எழுதுங்கோ. எங்களுக்கு ஒண்டும் இல்லை."

உள்ளதை எழுதுங்கோ. அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துருவி எடுத்துவிட்டார், நாளைக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பப்போகிறார் என்றுதான் பட்டது. அவர்கள் சொல்ல முன்னம் நான் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே யோசனை.

"எங்கட குடும்பத்தைத் துருவத்தான் சம்பந்தம் கேட்டு வந்தனீங்களோ?" பக்கத்து மேசைச் சோமாலிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "நான் கலியாணத்துக்கு வரமாட்டன். உங்கட புத்தகத்தில என்ர பேர் ஒரு இடத்திலையும் இருக்கக்கூடாது."

அந்த மனிசன் எழும்பினார். என்னுடைய குருத்தோலையையும் எடுத்து என் கையில் தந்தார்.

14.04.2025

ஞானமலர்: "அந்தாள் என்ன கேட்டவர் எண்டு இவ்வளவு கூத்து? சொல்லுங்கோ."

சொல்லவில்லை.

20.04.2025

உயிர்ப்பு ஞாயிறு. தாயும் மகளும் கோவிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

04.05.2025

நிலூஜா வேலை முடிந்து நேரே வந்தாள், தாதி உடுப்போடு. சப்பாத்தைக் கழற்றவில்லை. என் பிள்ளை சப்பாத்தோடு வீட்டுக்குள் நின்றது இதுதான் முதல் தரம்.

"எனக்குப் பெப்ரவரியில இருந்து தெரியும் பப்பா. அந்த ஈமெயில் நான் திறந்து தந்தது, என்ர போனிலயும் வரும். ரீச்சர் எழுதின அண்டைக்கே வாசிச்சிட்டன். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"மார்க்கஸுக்கு?"

"அவருக்கும் தெரியும். மாமா மாமிக்கும் தெரியும். மார்ச்சில நான்தான் சொன்னனான். மாமா என்ன சொன்னவர் தெரியுமோ? ஏழு வருசம் விலங்கோட நிண்ட மனிசன்ர பேரைப் போடாமல் என்னத்தைப் போடுறது எண்டவர். நீங்கள் உங்கட வாயால சொல்ல வேணும் எண்டுதான் அண்டைக்குக் கோப்பிக்குக் கூட்டிக்கொண்டு போனவர்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிழை என்னில்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது: "என்ர கடிதத்தைக் களவா வாசிச்சனியோ?"

களவு என்ற சொல் என் வாயால்தான் வந்து விழுந்தது. அவள் அழவில்லை. தாயைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டாள். மார்க்கஸின் வீட்டில்தான் இனி இருக்கப்போகிறாளாம்.

11.05.2025

நிலூஜாவுக்குக் கோல் எடுத்தேன். ஒரு தரம் மணி அடித்தது. வைத்துவிட்டேன்.

திரும்பி எடுப்பாள் என்று பின்னேரம் முழுக்கப் போனைப் பக்கத்தில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்?

08.06.2025

ஞானமலர் ஸ்ட்ரோம்மன் கடையில் சாறி பிளவுசுக்குத் துணி பார்த்துவிட்டு வந்தாள். "நீங்கள் வாறியளோ இல்லையோ?" என்றாள். "வீட்டுக்கு வந்து முறையாக் கூப்பிட்டால் வாறன்," என்றேன். அவள் பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, "முறை," என்றாள்.

12.07.2025, சனி

முறையாகத்தான் வந்தார்கள்.

மணி அடித்தது. கதவுக் கண்ணால் பார்த்தேன். ஞானரட்ணம், மனைவி. கையில் தட்டு, அதில் பழம், கற்கண்டு, அழைப்பிதழ். அவர் இந்த வெக்கையிலும் கோட் போட்டிருந்தார். ஞானமலர் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்.

கோபம் என்றால் திறந்திருப்பேன். இரண்டு பேச்சுப் பேசி, பிறகு தேத்தண்ணி கொடுத்து, எல்லாம் சரிவந்திருக்கும். எனக்குக் கோபமே இல்லை. வெட்கம். "வாங்கோ" என்று எந்த முகத்தோடு சொல்வது? கைப்பிடியில் கை இருந்தது. மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றேன், என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நானே கள்ளனைப் போல.

மூன்று தரம் அடித்தார்கள். அழைப்பிதழைக் கதவில் செருகிவிட்டுப் போனார்கள். அவர் போகும்போது, "யேசண்ணை வீட்டில நிண்டிருந்தால் திறந்திருப்பார்," என்று மனைவிக்குச் சொன்னது கேட்டது.

29.07.2025

உதயகுமாரி ரீச்சரிடமிருந்து இன்னொரு கடிதம். பதினொரு வீட்டாரும் ஒன்றாக நின்று எடுத்த படம். பின்வரிசையில் ஒருவர் என் அப்பாவை உரித்து வைத்ததுபோல் இருக்கிறார். "நீங்கள் நலமா? பதில் இல்லையே," என்று கேட்டிருக்கிறார்.

என்ன எழுதுவது? ரீச்சர், நான் நலம், உங்கள் கடிதத்தால் என் பிள்ளையை இழந்துவிட்டேன் என்றா? பொய். கடிதத்தால் இல்லை.

16.08.2025, சனி

உடுப்புப் போட்டேன். கழுத்துப்பட்டியும் கட்டினேன். ஞானமலர் காலையிலேயே மார்க்கஸின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஹொல்ம்லியா ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். ஒரு ரெயின் வந்தது. அதற்குள் கோவிலுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் போகட்டும், அடுத்ததில் ஏறலாம் என்று நின்றேன். அடுத்ததும் வந்தது. கதவு திறந்தது, மூடியது. பூசை தொடங்கியிருக்கும். அவளைப் பீடத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போனது?

வீட்டுக்கு வந்து பாண் சாப்பிட்டேன்.

17.08.2025

ஞானமலர் சொன்னாள். யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லையாம். நிலூஜா தனியாகத்தான் நடந்தாளாம்.

24.08.2025, ஞாயிறு

நிலூஜா தன்னுடைய மிச்சச் சாமான் எடுக்க வந்தாள். வரமுன் தாய்க்குச் செய்தி போட்டிருந்தாள். நான் அறைக்குள் இருந்தேன். கதவை ஒட்டச் சாத்தவில்லை, திறந்தும் வைக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தால் நான் வெளியே போய்விடலாம் என்ற அளவில் விட்டிருந்தேன்.

முதலில் அந்தச் சத்தம் என்னவென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. கொலுசு. லாச்சிக்குள் கிடந்ததை எடுத்துப் போட்டிருக்கிறாள். அந்தோனியின் காலிலிருந்து இரும்பைக் கழற்றி நூற்றெழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில் ஒரு காலில் சத்தம் கேட்பது இன்றைக்குத்தான். சமையலறை, சாமான் அறை, தாயோடு ஏதோ கதை, சிரிப்பு. என் அறைக் கதவுக்குக் கிட்டச் சத்தம் வந்து நின்றது. நின்றதை எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் கன நேரம். நான் கூப்பிடுவேன் என்று பார்த்திருப்பாள். அவள் கூப்பிடுவாள் என்று நான் பார்த்தேன். பிறகு சத்தம் நடந்து லிப்ட் வரைக்கும் போனது.

சப்பாத்துத் தட்டின்மேல் பூசைப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். இடப்பக்கம் ஞானரட்ணத்தின் குடும்பம், ஈப்போ ஸ்டேஷன் மாஸ்டரிலிருந்து மார்க்கஸ் வரை. வலப்பக்கம் எங்களுடையது. நிலூஜாதான் எழுதியிருக்கிறாள், அவளுடைய தமிழ்.

"அந்தோனி. மாடு களவுக்காக 1846இல் மலாக்காவுக்கு அனுப்பப்பட்ட கைதி. ஏழு வருடம் விலங்கோடு ரோடு போட்டவர். அவருடைய மகன் சவரிமுத்து. சவரிமுத்துவின் மகன் பிலிப்பு. பிலிப்புவின் மகன் சூசைப்பிள்ளை. சூசைப்பிள்ளையின் பேத்தி நிலூஜா."

திருப்பித் திருப்பி வாசித்தேன். கள்ளனுடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது; அப்பா சூசைப்பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பெயரும் இல்லை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள்.