மைதானத்தில் இரண்டாவது வளைவு

12 மார்ச் 1997, புதன்

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தங்கை கணவர் ஜெபராஜை, திரையில் ஓட்டும் கார் பந்தயத்தில் என்னால் ஒருமுறைகூட முந்த முடிந்ததில்லை. அதனால், அடுத்த மாதம் சென்னைப் பந்தயத்தில் என் காரை அவரே ஓட்டட்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

இன்று பழகிப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டாவது வளைவில் கார் சுழன்று, சுவருக்கு ஓரடி முன்னால் நின்றது. இறங்கி வந்தவர் சாவியை என் கையில் திணித்தார்.

"மச்சான், கம்ப்யூட்டர்ல சுவத்துல முட்டினா சிரிச்சுக்கிட்டே மறுபடியும் ஓட்டுவேன். இங்க பயமா இருக்கு. என்னால ஏலாது, நீங்களே ஓட்டுங்க."

"சரி மாப்ளே, செத்த உக்காருங்க" என்றேன். தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன்.

போன வருடப் பந்தயத்தில் கார் கவிழ்ந்ததிலிருந்து எனக்கும் அப்படித்தான் பயம். அதை மறைக்கத்தான் அவரை முன்னால் தள்ளினேன். அந்த ஓரடி இல்லாதிருந்தால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

விடிந்ததும் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு வரவில்லை என்று சென்னையில் அதை நடத்துகிறவர்களுக்கும் எழுதிப்போட வேண்டும். கண் சொக்குகிறது.